காரின் கீறலும் கம்பி நாரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பின் வீட்டுக் குறிப்புகள் பகுதியில், காரின் பளபளப்பான உலோகப் பாகங்களில் கீறல் விழுந்தால் பற்பசையைத் தடவி, பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் அழுத்தித் தேய்த்தால் போய்விடும் என்று வந்திருந்தது. யாராவது அப்படியே செய்து பார்த்திருந்தால் பழைய கீறல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதைச் சுற்றி நூறு புதுக் கீறல்கள் சேர்ந்திருக்கும். மெருகுப் பட்டறை வேலை செய்கிறவர்கள் என்ற முறையில், அதில் எது தவறு, சரியான முறை எது என்று எழுதுகிறோம். கடிதம் நீளம்தான்; வேலையும் அப்படி.

கீறல் என்பது பள்ளம். பள்ளத்தை எடுத்து வெளியே போட யாராலும் முடியாது. சுற்றியிருக்கும் மேட்டைத் தேய்த்து, பள்ளத்தின் அடிமட்டத்துக்கு இறக்குவதுதான் மொத்த வேலையும். ஆகவே கையில் எதை எடுப்பது என்பதற்கு முன், அந்த அளவுக்குத் தேய்க்க அங்கே சரக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அலுமினிய ரிம்மின் உதட்டில் மில்லிமீட்டர் கணக்கில் உலோகம் இருக்கிறது. கிரோம் முலாம் பூசிய பம்பரில் இருக்கும் கிரோம் பெரும்பாலும் அரை மைக்ரான்கூட வராது. நம் தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரான் கனம். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் எப்படிச் சரிவரும்?

பற்பசையில் இருப்பது பல் எனாமலைக் கீறிவிடாத அளவுக்கு மென்மையான சிலிக்கா அல்லது சுண்ணாம்புத் தூள். மேலே படிந்த மங்கலை அது எடுக்கும். நகம் தட்டும் கீறலை ஒன்றும் செய்யாது. கம்பி நார் எதிர்க்கோடி: அலுமினியத்தைவிடக் கடினம், ஒழுங்கில்லாத விளிம்பு, கை போன போக்கில் எல்லாத் திசையிலும் கோடு போடும். வீட்டில் பித்தளைக் குத்துவிளக்குக்குக் கைகொடுக்கும் புளியையும் சிலர் ரிம்முக்குப் பூசுகிறார்கள். புளியின் அமிலம் பித்தளையின் கருப்பைக் கரைக்கும். அலுமினியத்தில் ஊறவிட்டால் திட்டுத் திட்டாகக் கறைதான் மிஞ்சும்.

சரி, கையில் இருப்பது என்ன உலோகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம் என்று பெரும்பாலும் சொல்லலாம். ஆனால் 430 வகை எவர்சில்வரும் காந்தத்தில் ஒட்டும் என்பதால் நிறத்தையும் பார்க்க வேண்டும். கிரோம் லேசான நீலம் கலந்து மின்னும், நிக்கல் கொஞ்சம் மஞ்சளடிக்கும், எவர்சில்வர் சாம்பல் கலந்த வெள்ளை. காந்தம் ஒட்டாவிட்டால் அலுமினியம், 304 எவர்சில்வர், பழைய கார்களின் கதவுக் கைப்பிடிபோல் துத்தநாக வார்ப்பு, இல்லை வெறும் பிளாஸ்டிக். இன்றைய கார்களின் முன் கிரில்லும் பின்னால் ஒட்டியிருக்கும் பெயர் எழுத்துகளும் பெரும்பாலும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கின் மேல் பூசிய முலாம். நகத்தால் தட்டினால் மொத்தையாகச் சத்தம் வரும். விடிகாலையில் தொட்டால் உலோகம்போல் ஜில்லென்று இருக்காது. அதன்மேல் வாட்டர் பேப்பர், அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள், பட்டால் அந்த எழுத்தைக் கழற்றிவிட்டுப் புதிது வாங்கி ஒட்டுவதுதான் வழி.

அலாய் வீலுக்கு இன்னொரு சோதனை. சக்கரத்தின் ஆரக்காலின் உட்பக்கம், கண்ணுக்குப் படாத இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு மெட்டல் பாலிஷ் தொட்டு வெள்ளைப் பனியன் துணியால் பத்துத் தேய்ப்புத் தேயுங்கள். துணி கருத்தால் வெறும் அலுமினியம். வெள்ளையாகவே இருந்தால் மேலே லாக்கர், அதாவது கிளியர் கோட், அல்லது அனோடைசிங் படலம் இருக்கிறது. எது என்று தெரிய வேண்டுமானால் பஞ்சில் பெயிண்ட் ரிமூவரை நனைத்து அதே மறைவிடத்தில் சில நிமிடம் வையுங்கள். லாக்கர் என்றால் சுருங்கிக் கிளம்பும். அனோடைசிங் அசையாது, அது அலுமினியத்தையே கடினமான ஆக்சைடாக மாற்றி எடுத்த தோல்.

புது வண்டிகளில் வரும் அலாய் வீல் ஏறக்குறைய எல்லாமே லாக்கர் பூசியவைதான். ஆகவே கீறல் லாக்கரோடு நின்றுவிட்டதா, உலோகம்வரை போய்விட்டதா என்பதுதான் அடுத்த கேள்வி. கீறலின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஈரமாக இருக்கும்வரை கீறல் கண்ணுக்கு மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் அது லாக்கரோடு போகிற கீறல். 2000, 3000 நம்பர் பேப்பரை (நம்பர் ஏற ஏற மணல் நைசாகும்) ஈரத்தில் லேசாக ஓட்டி, பாடி பெயிண்டுக்குப் போடும் ரப்பிங் காம்பவுண்டைப் போட்டாலே போதும். அங்கேயும் கை அளவாக இருக்க வேண்டும். லாக்கரின் மொத்தக் கனமே ஏறத்தாழ ஒரு தலைமுடி அளவுதான். நனைத்தபோதும் கீறல் தெரிந்தால் உலோகம் வெட்டுப்பட்டிருக்கிறது. அந்த ரிம்மின் முகம் முழுக்க லாக்கரைக் கிளப்பிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். கீறல் இருக்கும் இடத்தில் மட்டும் உரித்து மெருகேற்றி மறுபடி பூசினால் சேரும் கோடு தெரியும். சில மாதத்தில் அந்தக் கோட்டின் வழியே ஈரம் உள்ளே இறங்கி, லாக்கருக்கு அடியில் வெள்ளையாகப் புழு ஊர்ந்த தடம்போல் அரிப்பு ஓடும். கடலோரத்தில் நிற்கும் வண்டிகளில் இதைச் சாதாரணமாகப் பார்க்கலாம்.

டைமண்ட் கட் வீலைக் கையால் தேய்க்கவே கூடாது. அதன் முகத்தில் தெரிவது லேத்தில் ஒரே சீராகக் கடைந்த மெல்லிய வளையக் கோடுகள். வெயிலில் வானவில்போல் மின்னுவது அதனால்தான். ஓரிடத்தில் உப்புத்தாள் பட்டால் அந்த இடம் மட்டும் குருடாகிவிடும். மறுபடி லேத்தில் ஏற்றி முகம் முழுதும் ஒரு சீவு சீவ வேண்டும். ஒவ்வொரு சீவிலும் உலோகம் குறைவதால் இரண்டு மூன்று முறைக்கு மேல் அதற்கும் இடமில்லை.

இனி லாக்கர் இல்லாத அலுமினியம்: உரித்த ரிம், என்ஜின் மேல்மூடி, இன்டேக் மேனிஃபோல்டு, பழைய வண்டிகளின் பாலிஷ் போட்ட பாகங்கள். முதல் வேலை கழுவுதல். மண்ணெண்ணெயால் கிரீஸ் எடுத்து, பிறகு பாத்திரம் கழுவும் திரவ சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ரிம்மில் ஒட்டியிருக்கும் கருப்புத் தூசி பிரேக் பேடும் டிஸ்க்கும் தேய்ந்த இரும்புத் துகள். அதை விட்டுவிட்டுத் தேய்த்தால் அதுவே உப்புத்தாள் ஆகிவிடும். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அலுமினியம் வெளுத்து, பிறகு கருத்து, மேற்பரப்பு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும். மிச்சப்படுத்திய பத்து நிமிடத்துக்குப் பேப்பர் வேலை இரண்டு மடங்காகும்.

எந்த நம்பரில் தொடங்குவது என்பதை நகம் சொல்லும். கீறலுக்குக் குறுக்கே நகத்தை இழுங்கள். நகத்துக்கே தெரியாத கீறல் என்றால் 1000 அல்லது 1500. லேசாகத் தட்டினால் 400 அல்லது 600. நகம் விழுந்து நிற்கிற மாதிரி, நடைமேடைக் கல்லில் உரசிய காயம் என்றால் முதலில் மெல்லிய அரத்தால் பிசிறை மட்டும் எடுத்துவிட்டு 120, 180, 220 என்று ஏறவேண்டும். வேலை ஓடும் அளவுக்குள் எவ்வளவு நைசான நம்பரில் தொடங்க முடியுமோ அவ்வளவு நல்லது. தேவையில்லாமல் 120-ல் தொடங்கினால், அந்த 120 போட்ட கோடுகளை எடுப்பதே புது வேலையாகிவிடும்.

பேப்பர் வாங்கும்போது நம்பருக்கு முன்னால் 'பி' என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 'பி' போட்ட 400-ல் மணலின் சராசரி அளவு 35 மைக்ரான். எழுத்தில்லாத அமெரிக்க அளவில் 400 என்றால் சுமார் 23 மைக்ரான்; அது கிட்டத்தட்ட 'பி 800'-க்குச் சமம். கடையில் இரண்டும் ஒரே அலமாரியில்தான் இருக்கும். 'பி 600' போட்டுவிட்டு, அடுத்தது என்று நம்பி எழுத்தில்லாத 800-க்குத் தாவினால், முந்திய கோடு ஏன் போகவில்லை என்று தெரியாமல் கை ஓய்ந்துவிடும். இரண்டில் எதுவானாலும் சரி, ஒரே முறையில் கடைசிவரை போக வேண்டும். 'பி' வரிசையில் 220, 320, 400, 600, 800, 1000, 1500, 2000 என்று ஒரு படியும் விடாமல் ஏறுவதுதான் பட்டறை வழக்கம். நேரம் மிச்சம் என்று 320-லிருந்து 800-க்குப் போனால் 800-ல் மூன்று பங்கு நேரம் பிடிக்கும்.

தாளை எட்டாகக் கிழித்து, ஒரு துண்டைத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவையுங்கள். ஒரு வாளித் தண்ணீருக்கு ஓரிரு சொட்டுத் திரவ சோப்புப் போதும். தூள் தாளில் அடைக்காமல் வழிந்துபோகும். தட்டையான இடத்தில் மரக்கட்டையிலோ ரப்பர் கட்டையிலோ தாளைச் சுற்றித்தான் தேய்க்க வேண்டும். விரலால் அழுத்தினால் விரல்நுனி பட்ட இடம் மட்டும் வாய்க்கால்போல் இறங்கும். அது அப்போது தெரியாது; கண்ணாடி மெருகு வந்தபிறகு ட்யூப்லைட்டின் பிம்பம் அந்த இடத்தில் நெளியும்போதுதான் தெரியும். இதே காரணத்துக்காகக் கீறலை மட்டும் குறிவைத்துத் தேய்க்கவும் கூடாது. இரண்டு சென்டிமீட்டர் கீறலுக்கு உள்ளங்கை அகலம் தேய்த்தால்தான் பள்ளம் சரிவாக விரிந்து கண்ணுக்கு மறையும்.

ஒவ்வொரு நம்பருக்கும் திசையை மாற்றுங்கள். 400-ஐ இடம் வலமாக ஓட்டினால் 600-ஐ மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும். இதில் சாஸ்திரம் ஒன்றுமில்லை. குறுக்குக் கோடு கடைசி ஒன்றுவரை மறைந்துவிட்டதா என்று கண்ணால் பார்க்க வேறு வழி கிடையாது. மறைந்த பிறகும் அதே நம்பரில் இன்னும் சில நிமிடம் ஓட்டுங்கள். கோட்டின் மேல்விளிம்பு முதலில் மறையும். அடிப்பள்ளம் அப்போதும் இருக்கும். நம்பர் மாறும்போது பாகத்தையும் கையையும் கட்டையையும் அலசி, வாளித் தண்ணீரையும் மாற்ற வேண்டும். 220-ன் ஒரே ஒரு மணல் 1000-க்கு அடியில் மாட்டினால் போதும். பளிச்சென்று ஓர் ஆழக்கோடு விழும், மறுபடி 400-க்கு இறங்கத்தான் வேண்டும்.

பார்வையிடுவதற்கு டார்ச்சை மேலிருந்து அடிக்காதீர்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சை உலோகத்தோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள். மேலிருந்து பார்த்தபோது வழவழப்பாக இருந்த இடத்தில், ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலுமாக முடி விழுந்ததுபோல் கோடு எழும். டார்ச்சைக் கால்வட்டம் திருப்பினால் அந்தக் கோடு மறைந்து, அதற்குக் குறுக்கே இருக்கும் வேறொன்று எழும். இரண்டு திசையிலும் பார்த்த பிறகே அடுத்த நம்பர். அதற்கு முன்னால் தின்னரால் ஒரு முறை துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப் பசை கோட்டை நிரப்பி மறைக்கும்.

வார்ப்பு அலுமினியத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. வார்க்கும்போது உள்ளே மாட்டிய காற்றுக்குமிழிகள் ஊசிமுனை அளவில் இருக்கும். மேல்தோலைத் தேய்க்கத் தேய்க்க அவை வாயைத் திறக்கும். "தேய்க்கத் தேய்க்கப் புள்ளி அதிகமாகிறதே" என்று இன்னும் ஆழமாகப் போனால் இன்னும் புள்ளிகள்தான் கிடைக்கும். அங்கே நிறுத்திவிடுவதே புத்திசாலித்தனம்.

2000 முடிந்த பிறகு பஃப், அதாவது சுழலும் துணிச் சக்கரமோ நார்ச் சக்கரமோ கொண்டு மெருகேற்றுவது. மெட்டல் பாலிஷும் பனியன் துணியும் கொண்டு கையாலேயே ஓரளவு மெருகு கொண்டுவரலாம். கண்ணாடிபோல் வேண்டுமானால் மெஷின் வேண்டும். பஃப் மெஷின் இருந்தால் 2000 வரை போகவும் தேவையில்லை, 600 அல்லது 800-லேயே பஃப்புக்கு ஏற்றிவிடலாம். முதலில் கற்றாழை நாரில் செய்த சிசால் பஃப், அல்லது நெருக்கமாகத் தைத்த காட்டன் பஃப், பழுப்புக் கட்டியோடு (கட்டி என்பது பஃப்பில் பூசும் மெருகு மருந்து). இது வெட்டும் வேலை. அடுத்தது தைக்காத தளர்ந்த காட்டன் பஃப், வெள்ளைக் கட்டியோடு. இது பளபளப்பைக் கொண்டுவரும் வேலை. பச்சைக் கட்டி குரோமியம் ஆக்சைடு. அதன் இடம் எவர்சில்வர். ஒரு கட்டிக்கு ஒரு பஃப் என்று ஒதுக்கிவிட வேண்டும். பழுப்பு ஏறிய பஃப்பில் வெள்ளையைப் பூசினால் வெட்டுவதும் பழுப்புதான், பூசிய வெள்ளை வீண்.

கட்டியைச் சுழலும் பஃப்பில் ஒரு நொடி, இரண்டு நொடி தொட்டால் போதும். அதிகமானால் பாகத்தின்மேல் கருப்பு மை அப்பியதுபோல் இழுபடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதைப் பார்த்துக் கட்டி போதவில்லை என்று இன்னும் பூசுவார்கள். செய்ய வேண்டியது நேர்மாறு: கட்டி பூசாமல் பஃப்பை ஓடவிட்டு அந்தக் கருப்பை அதே பஃப்பால் எடுக்க வேண்டும். அழுத்தமும் அளவாக வேண்டும். அலுமினியம் மென்மையான உலோகம். ஒரே இடத்தில் நின்று அழுத்தினால் சூட்டில் குழைந்து ஆரஞ்சுத் தோல்போல் அலையடிக்கும். குழைந்த உலோகம் கீறலின் வாயை மூடிவிடுவதும் உண்டு. அன்று மாலை பார்த்தால் கண்ணாடி; மண்ணெண்ணெயால் ஒருமுறை கழுவினால் பழைய கோடு எட்டிப் பார்க்கும். பஃப்பால் கீறலை எடுக்க முடியாது, பேப்பரால்தான் முடியும் என்று பட்டறையில் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

வேகத்தையும் சொல்ல வேண்டும். நிமிடத்துக்கு 2,800 சுற்று ஓடும் மோட்டாரில் 8 அங்குல பஃப் போட்டால் அதன் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர் ஓடும். இந்த வேலைக்கு அது போதும். கையில் பிடிக்கும் சிறு ஆங்கிள் கிரைண்டரோ 11,000 சுற்று. அதில் 4 அங்குல பஃப் மாட்டினால்கூட நொடிக்கு 58 மீட்டர். அலுமினியம் எரியும், கட்டி தெறிக்கும், துணி பிய்ந்து பறக்கும். வேகம் குறைக்கும் வசதியுள்ள பாலிஷரை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ செய்யுங்கள்.

பாகத்தைப் பஃப்பின் நடுமட்டத்துக்குக் கீழே, சக்கரம் உங்களை நோக்கி இறங்கும் பக்கத்தில் காட்டுங்கள். பஃப் பாகத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே ஓட வேண்டும்; விளிம்புக்கு எதிரே வந்து முட்டக் கூடாது. முட்டினால் கையிலிருந்து பிடுங்கித் தரையில் அடிக்கும். கழுத்தில் துண்டு, தொங்கும் வேட்டி முனை, மணிக்கட்டில் கட்டிய கயிறு எதுவும் பஃப் பக்கம் வரக் கூடாது.

எவர்சில்வர் பீடிங், அதாவது வண்டியின் உடம்பில் ஓடும் அலங்காரப் பட்டை, தனிக் கதை. அம்பாசடர், சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற பழைய வண்டிகளை வைத்திருப்பவர்களுக்கு இதுதான் தலைவலி. மாற்றுப் பீடிங் கிடைப்பது அரிது. அம்பாசடர் உற்பத்தியே 2014-ல் நின்றுவிட்டது. கழற்றும்போது இழுக்காமல், ஒவ்வொரு கிளிப்பாக மர ஆப்பால் நெம்பிக் கழற்றுங்கள். பீடிங்கில் கீறல் தனியாக வருவதில்லை, கூடவே ஒரு சொட்டையும் இருக்கும். மேலே மார்க்கர் மையைப் பூசி, கட்டையில் சுற்றிய 400-ஐ ஒரே ஒரு இழுப்பு இழுத்தால் மேடு வெளுக்கும், பள்ளத்தில் மை அப்படியே நிற்கும். பள்ளத்தை உட்பக்கத்திலிருந்து மரக்குச்சி வைத்துச் சிறு சுத்தியலால் தட்டித் தட்டி மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் பேப்பர். 320-ல் தொடங்கி 800 வரை, பிறகு பச்சைக் கட்டி. எவர்சில்வர் சூட்டைக் கடத்துவது அலுமினியத்தில் பத்தில் ஒரு பங்குதான். பஃப் பட்ட இடத்திலேயே சூடு நிற்கும். நீலமோ பொன்நிறமோ ஓடினால் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள். நீளமான மெல்லிய பீடிங்கை வெறும் கையில் பிடித்துப் பஃப் காட்டாதீர்கள்; பலகையில் வைத்துக் கட்டிக்கொண்டு காட்டுங்கள்.

உங்கள் குறிப்பில் இருந்த கம்பி நாரை எவர்சில்வரில் போட்டால் இன்னொன்றும் நடக்கும். பட்டறைகளில் கிடைக்கும் சாதா இரும்பு நார் என்றால், அதன் இரும்புத் துணுக்குகள் மேற்பரப்பில் பதிந்து, ஒரு மழைக்குப் பிறகு செம்புள்ளிகளாகத் துருப்பிடிக்கும். "எவர்சில்வரே துருப்பிடிக்கிறது, டூப்ளிகேட் சரக்கு" என்று கடைக்காரரோடு சண்டை போடுகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் இருப்பது இந்தத் துருதான். குளியலறை கழுவும் ஆசிட்டும் இதற்கு ஆகாது; அதிலிருக்கும் குளோரைடு எவர்சில்வரில் குழி தோண்டும்.

கிரோம் முலாமுக்கு வருவோம். வாசகர்கள் அதிகம் கெடுத்துக்கொள்வது இதைத்தான். பழைய பம்பரில் அடியில் எஃகு, அதன்மேல் பெரும்பாலும் செம்பு, அதன்மேல் 10 முதல் 40 மைக்ரான்வரை நிக்கல், எல்லாவற்றுக்கும் மேலே அந்த அரை மைக்ரான் கிரோம். கண்ணாடிபோல் தெரிவதெல்லாம் நிக்கலின் மெருகு. கிரோம் அதற்குக் கவசம். கிரோம் மிகக் கடினம் என்பதால் லேசான உரசலில் அது கீறுவதே இல்லை. எதிர் வண்டியின் பெயிண்ட்தான் அதன்மேல் ஒட்டியிருக்கும். தின்னர் தொட்ட துணியால் துடைத்தால் "கீறல்" போய்விடும். உண்மையிலேயே கீறியிருந்தால் அது நிக்கல்வரை, சில சமயம் எஃகுவரை இறங்கியிருக்கிறது. பேப்பர் போட்டால் ஐந்தாவது இழுப்பில் மஞ்சளடிக்கும் நிக்கல் வெளியே வரும். அதற்குமேல் எவ்வளவு பாலிஷ் போட்டாலும் அந்தத் திட்டு மங்கிக்கொண்டே இருக்கும்.

கிரோமில் வீட்டிலேயே செய்யக்கூடியது துருப்புள்ளி எடுப்பது மட்டும்தான். சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் தேய்த்தால் போதும். அலுமினியம் கிரோமைவிட மென்மை என்பதால் கோடு விழாது, துரு வந்துவிடும். பிறகு உலர்த்தி மெழுகு பூச வேண்டும். இல்லாவிட்டால் அதே ஊசித்துளை வழியாக மறுபடி துரு கிளம்பும். ஆழமான கீறலுக்கு முலாம் பட்டறைதான் வழி. பழைய கிரோமையும் நிக்கலையும் கரைத்து எடுத்து, எஃகை மெருகேற்றி, செம்பு ஏற்றிப் பள்ளத்தை நிரப்பி, செம்பைத் தேய்த்து மட்டமாக்கி, மறுபடி நிக்கல், கிரோம். செம்பைத் தேய்க்கும் வேலையை விட்டுவிட்டால் கீறல் புது முலாமின் கீழேயும் அப்படியே தெரியும். பட்டறைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். முலாமை வீட்டு வாளியில் செய்து பார்க்கும் ஆசை யாருக்கும் வேண்டாம். கிரோம் தொட்டியில் இருப்பது புற்றுநோய் உண்டாக்கும் ஆறு இணைதிறன் குரோமியம். ராணிப்பேட்டையில் பல ஆண்டுகள் குவிந்து கிடந்த குரோமியக் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்பது உங்கள் வாசகர்களுக்குத் தெரியும்.

மெருகேற்றவே கூடாத இடங்களும் உண்டு. டயர் உட்காரும் ரிம்மின் உள்விளிம்பைப் பேப்பர் போட்டு இறக்கினால் டியூப்லெஸ் டயரில் காற்று மெல்ல இறங்கும். வீல் நட் உட்காரும் கூம்புக் குழியும் அப்படித்தான், தொடக் கூடாது. ஷாக் அப்சார்பர் தண்டில் கீறல் விழுந்தால் ஆயில் சீலைக் கிழிப்பது அதன் பிசிறு; நைசான எண்ணெய்க் கல்லால் பிசிறை மட்டும் தட்டிவிட்டு, 2000 பேப்பரைத் தண்டைச் சுற்றி ஓட்டலாம். நீளவாக்கில் ஓட்டினால் ஒவ்வொரு கோடும் எண்ணெய் வெளியேற ஒரு வாய்க்கால். எல்லாவற்றையும்விட முக்கியம், ரிம்மில் கீறல்போல் தெரிவது விரிசலாகவும் இருக்கலாம். பாகத்தைத் துடைத்து மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, மேலே சாக்பீஸ் தூளைத் தூவுங்கள். சற்று நேரத்தில் தூளில் ஈரக்கோடு எழும்பினால் அது விரிசல். அதற்குப் பாலிஷ் போடுவது விரிசலை மறைத்து விற்பதற்குச் சமம். வெல்டிங்கோ கேஸ் டார்ச்சோ காட்டி ஒட்டவைத்தாலும் சூடுபட்ட இடத்தில் அலுமினியத்தின் பதம் போய்விடும். அந்த ரிம் பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டியது.

கடைசியாக, தூசி. 2014 ஆகஸ்ட் 2 அன்று சீனாவின் குன்ஷான் நகரில், கார் அலுமினிய வீல்களுக்கு மெருகேற்றும் தொழிற்கூடம் ஒன்று வெடித்தது. அன்றைக்கே 75 பேர் இறந்தார்கள். சிகிச்சையில் இருந்தவர்களையும் சேர்த்து இறுதிக் கணக்கு 146. வேறு வெடிபொருள் எதுவும் அங்கே இல்லை. தூசி சேகரிக்கும் கலத்தில் தேங்கிய அலுமினியத் தூள் ஈரம்பட்டுச் சூடேறித் தீப்பிடித்தது. நம் ஊர் ஷெட்டுகளில் ஒரே கிரைண்டரில் காலையில் இரும்பும் மாலையில் அலுமினியமும் தேய்க்கிறார்கள். இரும்பின் பொறி, அடியில் குவிந்த அலுமினியத் தூள், கூடவே துருத்தூள்: தண்டவாளத்தை ஒட்டவைக்கும் தெர்மிட் மருந்தின் கலவையே இதுதான். இரண்டுக்கும் தனித்தனி மெஷின் வையுங்கள். தூளை அன்றன்றைக்கு மென்துடைப்பத்தால் கூட்டி அள்ளுங்கள். கம்ப்ரசர் காற்றால் ஊதாதீர்கள். ஈரத் தூளை மூடிய டப்பாவில் அடைக்காதீர்கள், ஹைட்ரஜன் கிளம்பும். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. உலர்ந்த மணலைப் போட்டு மூட வேண்டும். அதனால் ஒரு வாளி மணல் மெஷின் பக்கத்திலேயே இருக்கட்டும். வீட்டில் ஈரத்தில் வாட்டர் பேப்பர் தேய்ப்பவர்களுக்கு இந்தப் பயம் இல்லை.

மெருகு வந்த அலுமினியத்தை அப்படியே விட்டால் சில வாரத்தில் மங்கும். மாதம் ஒருமுறை மெழுகு பூசுவதே போதும். துணி துவைக்கும் சோடாத் தூளால் மட்டும் கழுவ வேண்டாம். காரம் அலுமினியத்தைச் சாம்பல் நிறமாக்கும். கண்ணாடி மெருகின்மேல் லாக்கர் பூசச் சொல்பவர்களும் உண்டு. வழவழப்பான பரப்பில் லாக்கருக்குப் பிடிமானம் குறைவு. உரியத் தொடங்கினால் முழுதையும் கிளப்பி மறுபடி தொடங்க வேண்டும். எங்கள் ஓட்டு மெழுகுக்கே.

அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்தக் குறிப்புக்குத் திருத்தம் போடுவீர்கள் என்று எதிர்பார்க்கிறோம். இடம் குறைவு என்றால் இரண்டே வரி போதும்: கம்பி நார் வேண்டாம், தேய்க்கும் முன் மறைவிடத்தில் வெள்ளைத் துணியால் சோதித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
மெருகுப் பட்டறைத் தொழிலாளர்கள்,
கணபதி, கோயம்புத்தூர்.